போட்டோவுக்காக இழுத்துக் கட்டிய போர்வை

மல்லேஸ்வரம்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள சங்கமித்ராவுக்கு,

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய் என்பதை நாலாவது நாள்தான் கண்டுபிடித்தேன். அதுவரை உன் போனில் சார்ஜ் இல்லை, ஈஜிபுராவில் டவர் இல்லை, உனக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொரு காரணமாக யோசித்து, ஒவ்வொன்றாக நிராகரித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் வெப்ப இன்ஜினியராக இருந்தவனுக்கு வேறெப்படி யோசிக்க வரும்? கடைசியில் ஜெயலட்சுமிதான் முடித்துவைத்தாள். "பிளாக்தான் பண்ணியிருப்பா. நானே பண்ணியிருப்பேன், ஒரே வீடா போயிடுத்து."

ஆகவே கடிதம்.

நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன், எங்கே யார் மேல் தப்பு என்று தெரியட்டும். நீ லீவில் இருந்த மூன்று நாளில் முதலீட்டாளர்கள் கம்பெனிக்கு வந்தார்கள். நாம் மின்மினி என்று செல்லமாகக் கூப்பிடும் அந்த வாஷிங்மெஷின் அளவு செயற்கைக்கோளுடன் போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். நீ அதற்குத் தைத்துப் போர்த்திய பொன்னிறப் போர்வை கசங்கிய சிப்ஸ் பாக்கெட் மாதிரி இருப்பதாக நம் முதலாளி தருணுக்குப் பட்டது. ஆட்களை விட்டு நாலு பக்கமும் இழுத்து, டேப் ஒட்டி, பெட்டி போட்ட வேட்டி மாதிரி ஆக்கிவிட்டார். போட்டோ பிரமாதம். நீ திரும்பி வந்து பார்த்தாய். "இதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்றாய்.

நீ போடாவிட்டால் மின்மினி 28ஆம் தேதி ஏவுதளத்துக்குக் கிளம்ப முடியாது. போர்வைக்குப் பொறுப்பு சங்கமித்ரா என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் படிவத்தில் எழுதிவைத்தவன் நான். சொந்தச் செலவில் சூனியம்.

சரி, உன் கோபத்துக்கு வருகிறேன். போனில் உன்னிடம், "நீ சொல்றதுதான் சரி" என்றேன். மறுநாள் மீட்டிங்கில், "வித்தியாசம் சொற்பம்தான்" என்றேன். யோசித்துப் பார்த்தால் இரண்டும் உண்மையே. விண்வெளி மைனஸ் இருநூற்றெழுபது டிகிரி. அத்தனை குளிரில் போர்வை கொஞ்சம் இறுகினால் என்ன, தளர்ந்தால் என்ன? ஒரு கையெழுத்துதானே, போட்டுவிடு.

போனையும் திறந்துவிடு. எனக்குக் கை வலிக்கிறது.

உன்
வைத்தீஸ்வரன்


ஈஜிபுரா
6 பிப்ரவரி 2025

வணக்கம் சார்,

இதை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். போனில் நீங்கள் சொன்னது மீட்டிங் அறைக்குள் போனதும் ஆவியாகிவிட்டது. காற்றில்லாத இடத்தில் எல்லாம் சீக்கிரம் ஆவியாகும் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். அதனால் இனிமேல் நமக்குள் காகிதம்.

முதலில் ஒன்று. தருணுக்கு வயது முப்பத்து நாலு. அவரை நீங்கள் என்கிறீர்கள். எனக்கு நாற்பத்தேழு. என்னை நீ என்கிறீர்கள். முந்தைய கம்பெனியில் பதின்மூன்று வருஷம், இங்கே ஆறு வருஷம், நான் ஒன்றும் சொன்னதில்லை. சண்டை என்று வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே மரியாதை இருப்பது நல்லது.

அடுத்தது மைனஸ் இருநூற்றெழுபது. இதை அல்சூரில் ஏதாவது விழா மேடையில் சொல்லுங்கள், கைதட்டுவார்கள். என்னிடம் வேண்டாம். மின்மினி போகிற இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்கு என்ன சூடு, என்ன குளிர்? அங்கே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டால் அது விண்வெளியைப் பற்றிச் சொல்லாது, தன் கதையைத்தான் சொல்லும். வெயில் படுகிற பக்கம் நூற்றிருபது டிகிரிக்கு ஏறும். அதே பொருளின் முதுகு நிழலில் மைனஸ் நூற்றைம்பதுக்கு இறங்கும். குளிர் வந்து யாரையும் பிடிப்பதில்லை சார். நம்மிடம் இருக்கிற சூடு போகிறது, அவ்வளவுதான். காற்று இல்லாததால் அது வீசி ஆறாது. ஒளி மாதிரி கதிராகத்தான் கிளம்பிப் போகும். மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்க்கொண்டே இருக்கும்.

அதைத் தடுக்கத்தான் போர்வை. பதினெட்டுத் தாள். ஒவ்வொன்றும் வெங்காயத் தோலை விட மெல்லிசு. நடுநடுவே கொசுவலை மாதிரி ஒரு வலை, ஒரு தாள் இன்னொரு தாளைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு தாளும் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். இழுத்துக் கட்டினால் பதினெட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அது பதினெட்டுத் தாள் இல்லை, ஒரே தடித் தாள். தருண் கண்ணுக்குக் கசங்கலாகத் தெரிந்ததுதான் என் வேலை.

மின்மினி ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். அதில் அரைமணிக்கு மேல் நிழல். ஒரு நாளைக்குப் பதினைந்து முறை அந்த பேட்டரி நிழலுக்குள் போய் வரவேண்டும். உள்ளே இருக்கும் குட்டி ஹீட்டர் எத்தனை நாள் தாங்கும்?

என் கேள்வி ஒன்றே ஒன்று. தாள் அழுந்தினால் சூடு ஒழுகுமா, ஒழுகாதா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுதுங்கள். கதை வேண்டாம்.

இரா. சங்கமித்ரா


மல்லேஸ்வரம்
10 பிப்ரவரி 2025

மதிப்புக்குரிய சங்கமித்ரா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்துக்காகத் தபால்காரர் அட்டையில் கையெழுத்து வாங்கினார். ஜெயலட்சுமி ஏதோ வக்கீல் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டு, எனக்குக் கொண்டுவந்த காபியைத் தானே குடித்துவிட்டாள். என்ன விஷயம் என்று எட்டாவது கிராஸ் முழுக்க இப்போது விசாரிக்கிறார்கள்.

நீங்கள், உங்கள், உங்களுக்கு. எழுதிப் பார்த்தேன். முதல் இரண்டு இடத்தில் பேனா தயங்கியது. அந்தத் தயக்கத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. அது இருக்கட்டும்.

கதை வேண்டாம் என்கிறீர்கள். கதை இல்லாமல் நான் ஆமாம் என்று சொன்னால் என் உடம்பு ஒப்புக்கொள்ளாது. வெப்பம் என்பது வம்பு மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முழங்கையால் இடித்தே பந்தியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். ஆளுக்கு ஒரு மாடியில் தனித்தனியாக நின்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும், பாதி காற்றோடு போகும். உங்கள் போர்வை ஆட்களைத் தனித்தனி மாடியில் நிறுத்துகிறது. தருண் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார். ஆக, ஒழுகும். ஆமாம்.

ஆனால் எவ்வளவு? கணக்குப் போட்டேன். இரண்டு டிகிரி. நமக்கு ஐந்து டிகிரி வரை இடமிருக்கிறது. இரண்டு டிகிரிக்காக ஒரு ராக்கெட்டை நிறுத்துவதா?

இப்போது வம்பு. இதை நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் தருண், "சார், ஒரு டைலர் சைன் பண்ணலேன்னா ராக்கெட் நிக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரியாதைக்குத்தான். எழுதாமல் விட்டிருக்கலாம், ஆனால் காகிதம் என்று நீங்கள் சொன்ன பிறகு மறைக்கக் கை வரவில்லை.

புதன்கிழமையிலிருந்து உங்களை ஸ்டோர்ஸுக்கு மாற்றுகிறார்கள். உங்கள் இடத்தில் பயிற்சிக்கு வந்த சௌம்யா கையெழுத்துப் போடுவாள். அந்தப் பெண்ணுக்கு இருபத்து நாலு வயது, அதட்டினால் போட்டுவிடும். ஆக உங்கள் பிடிவாதத்தால் போர்வையும் மாறப்போவதில்லை, உங்கள் மேசைதான் போகப்போகிறது. இது பெங்களூர். இங்கே எல்லோரும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டுதான் வாழ்கிறோம். நீங்கள் மட்டும் ஏன் இப்படி?

வைத்தீஸ்வரன்


ஈஜிபுரா
14 பிப்ரவரி 2025

வணக்கம் சார்,

டைலர்தான். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. தங்கவயலிலிருந்து வந்தவள் தங்கத் தாள் தைக்கிறாள் என்று பத்தொன்பது வருஷமாகக் கேலி கேட்டவள் நான். ஊரில் அத்தைமார் இன்னமும், "ஒரு துண்டு கொண்டாயேன், மூக்குத்திக்கு ஆகும்" என்கிறார்கள். வெறும் பிளாஸ்டிக், உள்பக்கம் அலுமினியப் பூச்சு, அதனால்தான் தங்கம் மாதிரி மின்னுகிறது என்றால் நம்புவதில்லை. நான் ஒளித்து வைத்துக்கொள்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

ஸ்டோர்ஸுக்கு வந்துவிட்டேன். ஸ்க்ரூவை அளவு வாரியாகப் பிரிக்கிறேன். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஃபாத்திமா முதல் நாளே என் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிவிட்டார். "நக்கோக்கா, வேணாம். நீ மேல உக்காந்து சாட்டிலைட்டுக்கு துணி தெச்சவ. இங்க உக்காந்து சாய் குடி. தருண் வந்தா எண்ணுற மாதிரி நடி, போதும்." நான் நடிக்கவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். எம்-மூன்றும் எம்-நாலும் ஒரே டப்பாவில் கிடந்தன.

நேற்று சாயங்காலம் சௌம்யா என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, அந்தப் போர்வைய நான் தொட்டதே இல்ல. பாத்து சரி பண்ணேன்னு எழுதச் சொல்றாங்க. என்ன பண்றது?" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நான் தூண்டிவிட்டதாக ஆகும். அவளே யோசித்து, பல்வலி என்று ஒரு வாரம் லீவு போட்டுவிட்டாள். எந்தப் பல் என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

போகும்போது கம்பெனி வாட்ஸ்அப் குழுவைக் காட்டினாள். நான் லீவில் இருந்ததால் பார்க்காத செய்திகள். இழுத்துக் கட்டிய போர்வையின் போட்டோ. அதன் கீழே தருண் கேட்டிருக்கிறார்: "வெப்ப விஷயத்தில் இது ஓகேவா சார்?" அதற்குக் கீழே ஒரு கட்டைவிரல். உங்களுடையது. காலை எட்டு மணி பதினெட்டு நிமிஷம்.

அதை அனுமதி என்று கோப்பில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

இத்தனை நாள் எனக்குப் புரியாமல் இருந்தது, போனில் அவ்வளவு தெளிவாகப் பேசியவர் மீட்டிங்கில் ஏன் குழறினார் என்று. இப்போது புரிகிறது. தப்பு செய்ததற்குக் கோபமில்லை சார். அந்தத் தப்பின் மேல் என் கையெழுத்தைப் போட்டு மூடச் சொன்னீர்களே, அதற்குத்தான்.

அடுத்த வாரம் சனி, ஞாயிறு, 22, 23 தேதிகளில் சேம்பர் காலி. காற்றை உறிஞ்சி, சுவரை நைட்ரஜனால் குளிர்வித்து, உள்ளேயே விண்வெளியை உண்டாக்கலாம். ஒரே அளவில் இரண்டு பெட்டி, இரண்டிலும் அதே பேட்டரி, அதே ஹீட்டர். ஒன்றுக்குத் தளர்ந்த போர்வை, ஒன்றுக்கு இறுக்கிய போர்வை. இரண்டே நாளில் தெரிந்துவிடும். இரண்டு டிகிரி என்கிறீர்கள் நீங்கள். இருபது என்கிறேன் நான். சேம்பருக்கு நம் இரண்டு பேரையும் தெரியாது.

சோதனை வேண்டும் என்று கேட்கும் அதிகாரம் வெப்ப ஆலோசகருக்கு மட்டும்தான். ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டாலும் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. ஸ்டோர்ஸில் இன்னும் நூற்றிநாற்பது டப்பா இருக்கிறது, எனக்கு அவசரமில்லை.

இரா. சங்கமித்ரா


மல்லேஸ்வரம்
18 பிப்ரவரி 2025

மதிப்புக்குரிய சங்கமித்ரா அவர்களுக்கு,

அந்த விரல் என்னுடையதுதான்.

எட்டு பதினெட்டுக்கு நான் மார்க்கெட் பக்கத்து தர்ஷினி ஹோட்டலில் நின்றுகொண்டு, இடது கையில் இட்லி வடைத் தட்டும் வலது கையில் போனுமாக இருந்தேன். அன்று காலை எனக்கு வந்திருந்த செய்திகள் முப்பத்தேழு. ரோஜாப்பூவோடு குட்மார்னிங், முருகன் படம், யாரோ ஒருவரின் பேரன் மொட்டையடித்த படம், மின்மினி. எல்லாவற்றுக்கும் வரிசையாக விரலை அழுத்திக்கொண்டே போனேன். மின்மினி பளபளவென்று அழகாக இருந்தது. கீழே கேள்வி இருந்ததையே நான் படிக்கவில்லை. மொட்டைக்கும் அனுமதி, மின்மினிக்கும் அனுமதி.

மீட்டிங்கில் தருண் அதை அச்செடுத்துக் காட்டியபோதுதான் பார்த்தேன். ஒரு நிமிஷம் இருந்தது, "ஐயோ, படிக்காமல் போட்டேன்" என்று சொல்ல. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன், "சொற்பம்" என்று வந்தது. இரண்டு டிகிரிக் கணக்கும் யோக்கியமானது இல்லை. விடையை முதலில் எழுதிவைத்துவிட்டு அதற்கேற்ற கணக்கைப் பிறகு போட்டேன். நம்பரைப் பார்த்தபோது எனக்கே அதன் மேல் பிரியம் வந்துவிட்டது.

நேற்று தருண் அறைக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"சோதனை வேணும். நான் ஓகே பண்ணினது தப்பு. படிக்காம பண்ணிட்டேன்" என்றேன்.

"சார், கமான். ஃபைல்ல இருக்கு. உங்களுக்குத்தான் அசிங்கம்."

"அசிங்கம்தான். அதையே எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

"இப்ப டெஸ்ட் வெச்சா இருபத்தெட்டு மிஸ் ஆகும். அடுத்த ராக்கெட் செப்டம்பர்லதான்."

"செப்டம்பரும் நல்ல மாசம்தான்."

"மார்ச்ல உங்க கான்ட்ராக்ட் முடியுது, ஞாபகம் இருக்கா?"

இந்த இடத்தில் வழக்கமான வைத்தீஸ்வரனாக இருந்தால் ஒரு ஜோக் அடித்து, காபி கேட்டு, எழுந்து வந்திருப்பான். எனக்கும் ஒரு ஜோக் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "தம்பி, அதை மார்ச்ல பாத்துக்கலாம். பெட்டிக்குள்ள பேட்டரி செத்துப்போனா, மேலே போய் மாத்திட்டு வர ஆட்டோ கிடையாது" என்றேன். சரி, பாதிதான் விழுங்கினேன்.

கடிதத்தின் நகலை முதலீட்டாளர்களுக்கும் அனுப்பிவிட்டேன் என்றதும்தான் அவர் முகம் மாறியது. அவர்களில் ஒரு அம்மாள் அன்றைக்கே போன் செய்து, "அப்படியானால் நாங்கள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது கெட்டுப்போன சாமானுடனா?" என்று கேட்டார். சனிக்கிழமை சோதனைக்கு அனுமதி வந்துவிட்டது.

இரண்டு போர்வையையும் நீங்களே கட்டுங்கள். இறுக்கியதையும்தான். வேறு யார் கட்டினாலும் நாளைக்குப் பேச்சு வரும். நானும் வருகிறேன். டைலர் என்று சொன்னபோது சிரித்தவன் அங்கே நின்று பார்க்கட்டும்.

வைத்தீஸ்வரன்


ஈஜிபுரா
2 மார்ச் 2025

வணக்கம் சார்,

சனிக்கிழமை கேட்டில் உங்கள் பாஸை இயந்திரம் ஏற்கவில்லை என்றும், செக்யூரிட்டி உங்களைத் திருப்பி அனுப்பினார் என்றும் சௌம்யா சொன்னாள். ஒரு மணி நேரம் வெயிலில் நின்று வாதாடினீர்களாமே. அதனால் உள்ளே நடந்ததை நான் எழுதுகிறேன்.

தளர்ந்ததை ஒன்றரை மணி நேரத்தில் கட்டினேன். இறுக்கியதைக் கட்டத்தான் கை ஒத்துழைக்கவில்லை. பத்தொன்பது வருஷம் எதைச் செய்யக்கூடாது என்று பழகியதோ, அதை ஒழுங்காகச் செய்ய வேண்டியிருந்தது. வேண்டுமென்றே அதிகமாக இழுத்தேன் என்று யாரும் சொல்லக்கூடாதே. தருணின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேப் எந்த இடத்தில் எத்தனை விரல் அகலம் என்று பார்த்துப் பார்த்து ஒட்டினேன். சௌம்யாவுக்குப் பல்வலி சரியாகிவிட்டது. அவள்தான் அளந்து எழுதிக்கொண்டாள்.

காற்றை உறிஞ்ச ஆறு மணி நேரம் ஆயிற்று. சுவர் மைனஸ் நூற்றெண்பதுக்கு இறங்கியது. ஞாயிறு மதியம் வரை தருண் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தளர்ந்த போர்வைக்குள் பேட்டரி ஏழு டிகிரியில் நின்றது. அதன் ஹீட்டர் அவ்வப்போது எரிந்து அணைந்தது. இறுக்கிய பக்கத்தில் ஹீட்டர் ஒருமுறை எரிந்தது, அப்புறம் அணையவே இல்லை. விடாமல் எரிந்தும் சூடு இறங்கிக்கொண்டே போய் மைனஸ் நாலில் நின்றது.

வித்தியாசம் பதினொன்று. நீங்கள் சொன்னதும் தப்பு, நான் சொன்னதும் தப்பு. நான் இருபது என்று கோபத்தில் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நமக்கு இடமிருந்தது ஐந்துதான்.

"அந்த பேட்டரி எத்தன நாள் ஓடியிருக்கும்?" என்று தருண் கேட்டார்.

"ரெண்டு மாசம். உங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தா மூணு" என்றேன். அதற்கப்புறம் அவர் எழுந்து போனார். அன்றைக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை அந்தப் பாவம் போய்விட்டது. முதலீட்டாளர்களுக்கு அனுப்ப அறிக்கை தயாராகிவிட்டது, கையெழுத்துப் போடுங்கள் என்று கூப்பிட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், "போர்வைப் பிரிவில் கையாளும்போது ஏற்பட்ட பிழை" என்று அடித்திருந்தது.

"போர்வைப் பிரிவுன்னா யாரு?" என்று கேட்டேன்.

"அது ஜெனரலா சொல்றது மேடம்" என்றார் தருண்.

"நான் ஒருத்திதான் அந்தப் பிரிவு. என்னைத்தான் ஜெனரலா சொல்றீங்க."

"பேர் போடலயே. உங்களுக்கு உங்க மேசை திரும்பக் கிடைக்குது. சைன் பண்ணுங்க, முடிச்சுக்கலாம். இதுல என்ன ஈகோ?"

மேடம் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்காக இந்த விலை கொடுக்க முடியாது. அவர் மேசையிலிருந்த பேனாவையே எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் என் கையால் எழுதினேன். தருண் பேனாவைப் பிடுங்க வரவில்லை. "இத அனுப்பினா நம்மள யாரு நம்புவாங்க?" என்று மட்டும் கேட்டார். "இத அனுப்பினாத்தான் நம்புவாங்க" என்றேன். நம்புவார்களா என்று எனக்கும் தெரியாது. நாளைக்கு என்னைத் தையல் மேசைக்கு அனுப்புவார்களா, ஸ்டோர்ஸுக்கா, கேட்டுக்கு வெளியிலா என்பதும் தெரியாது.

நான் எழுதியது இதுதான்:

"போர்வை சரியாகத் தைக்கப்பட்டிருந்தது. போட்டோ எடுப்பதற்காக நிர்வாகம் அதை இழுத்துக் கட்டியது. வெப்ப ஆலோசகர் வைத்தீஸ்வரன் கேள்வியைப் படிக்காமல் அனுமதித்தார். பிறகு அவரே தப்பை ஒப்புக்கொண்டு சோதனை கேட்டார். சோதனையில் பதினொரு டிகிரி வித்தியாசம் தெரிந்தது. போர்வை மறுபடி தைக்கப்படும்."

அதன் கீழே என் முழுப்பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் பெயரை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். விடவில்லை. நகல் இணைத்திருக்கிறேன். விவரத்தில் தப்பு இருந்தால் எழுதுங்கள், திருத்துகிறேன். மனசு புண்பட்டிருந்தால் எழுத வேண்டாம்.

இரா. சங்கமித்ரா